பால்வாடிக்கு முன்னால் பன்னிரண்டு அடி

இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள அண்ணனின் படத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், அவருடைய இடது தோளில் நான்கு விரல்கள் தெரியும். அச்சகத்துப் பிழை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணன் தனியாக நின்று எடுத்துக்கொண்ட நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இது அவரும் ஆரோக்கியம் அண்ணனும் தண்ணீர் டேங்குக்கு முன்னால் சேர்ந்து நின்ற படம். ஸ்டூடியோக்காரத் தம்பி ஒரு பாதியை வெட்டி எடுத்துவிட்டார். விரல்களை மட்டும் எடுக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் அழித்துத் தரட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இங்கே வந்திருக்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேருக்கு ஆரோக்கியம் அண்ணன் யார் என்றே தெரியாது. அது உங்கள் குற்றமில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நம் வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. அண்ணனுடைய நல்ல குணங்களை எழுதிக் கொடுங்கள் அத்தை, இரண்டு பக்கம் போதும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவருடைய நல்ல குணத்தால் அவருக்கே வந்த கேடு ஒன்று இருக்கிறது. அதற்குக் காரணமானவள் நான். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு பக்கத்தில் முடியவும் இல்லை.

அண்ணன் பிறந்தது மாட்டுவண்டியில். அம்மாவுக்கு வலி எடுத்து, படப்பைக்கு வண்டி கட்டிக்கொண்டு போகும் வழியில், ஒரகடம் தாண்டுவதற்குள் பிறந்துவிட்டார். "ரோட்டுல பொறந்தவன் வூட்ல எங்க தங்கப் போறான்" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அது பலித்தது. அண்ணன் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா காலமானார். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஏரிக்குக் கீழே இருந்த இரண்டு ஏக்கரை உழுது என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். நான் ஃபெயிலாகிவிடுவேனோ என்று எனக்கு இருந்த பயத்தைவிட அவருக்கு இருந்த பயம் அதிகம். ரிசல்ட் வந்த அன்று நாளிதழில் என் நம்பரைப் பார்த்துவிட்டு, அதையே மறுபடி மறுபடி வாய்விட்டுப் படித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். மூன்றே வருடத்தில் அந்தக் குடும்பம் இல்லை என்றாகிவிட்டது. கைக்குழந்தையோடு, ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஸ்டாப்பில் நின்ற என்னை அண்ணன்தான் வந்து அழைத்துப் போனார். ஏன் வந்தாய், என்ன நடந்தது என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆறு மாதம் அலைந்து எனக்குப் பால்வாடி டீச்சர் வேலை வாங்கிக் கொடுத்தார். என் மகள் இன்றைக்கு நர்ஸாக இருக்கிறாள் என்றால் அந்த வேலையால்தான்.

எண்பத்தாறில் அண்ணன் ஊராட்சி மன்றத் தலைவரானார். ஊரார் பிரசிடெண்ட் என்பார்கள். அண்ணி மட்டும் மேயர் என்பார். "நம்ம மேயரு சோறு துன்ன வருவாரா, இல்ல கார்ப்பரேஷன்லயே துன்னுடுவாரா?" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். மாடு காணாமல் போனாலும் மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் அண்ணனைத்தான் தேடி வருவார்கள். தெருவிளக்கு பல்பு ஃப்யூஸ் ஆனால் அவரே கம்பத்தில் ஏறுவார். ஒருமுறை ஏறியவர் இறங்கத் தெரியாமல் அரைமணி நேரம் தொங்கியதை ஊரே வேடிக்கை பார்த்தது. கீழே நின்று ஒவ்வொரு காலாக எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லி இறக்கியவர் ஆரோக்கியம் அண்ணன்.

ஆரோக்கியம் அண்ணன் காலனியிலிருந்து வந்த வார்டு மெம்பர். தொழில் கொத்தனார் வேலை. ஊருக்கும் காலனிக்கும் நடுவே என்னென்ன இருந்தது என்று இந்த மலரைப் படிக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு நடுவில் அவர்கள் இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள். ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும்போது ஆரோக்கியம் அண்ணன் மிதிப்பார், அண்ணன் கேரியரில் உட்கார்ந்து மனு எழுதுவார். வரும்போது அண்ணன் மிதிப்பார், அவர் உட்கார்ந்து திட்டுவார். ஐந்து வருடம் இப்படி நடந்தது. மெயின் தெருவில் அந்தச் சைக்கிள் வருவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட நம் உறவினர்களும் உண்டு. பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

அந்த ஐந்து வருடத்தில் இருவரும் விடாமல் கேட்டது ஒன்றுதான். டேங்கிலிருந்து காலனிக்குக் குழாய். காலனியில் இருந்த கைபம்பில் சித்திரை பிறந்தால் வெறும் காற்றுதான் வரும். பெண்கள் குடத்தோடு ஒரு மைல் நடந்து அடுத்தவர் பம்புசெட்டில் நிற்க வேண்டும். மோட்டார் போடுகிறவருக்கு மனசிருந்தால் தண்ணீர். ஆரோக்கியம் அண்ணனின் மனைவி இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று பால்வாடி வழியாகத்தான் போவார்கள்.

தொண்ணூற்றொன்று மாசியில், பதவிக்காலத்தின் கடைசி வாரம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், குழாய்க்கு உத்தரவு வந்தது. குழாய்களும் லாரியில் வந்து பால்வாடிக்குப் பக்கத்தில் இறங்கின. ஒரு நிபந்தனை இருந்தது. பள்ளம் ஊர்க்காரர்களே வெட்டித் தர வேண்டும். ஓவர்சியர் வந்து டேங்கிலிருந்து காலனி வரை முழுப் பள்ளத்தையும் அளந்து எழுதினால்தான் வேலை தொடங்கியதாகக் கணக்கு. அடுத்த வாரத் திங்கட்கிழமை தனி அலுவலர் வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வார். அதற்குள் அளந்து எழுதாத வேலையெல்லாம் ரத்து. ஓவர்சியர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். ஆக, அண்ணனுக்கு இருந்தது ஐந்தே நாள்.

திங்கட்கிழமை காலையில் தண்டோரா போட்டார்கள். ஏரிக்கால்வாய் தூர் வாரும்போது நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இத்தனை அடி என்று கோல் வைத்து அளந்து கல் நட்டுவிடுவார்கள். அவரவர் பங்கை அவரவர் வெட்ட வேண்டும். அடுத்தவர் பங்கில் யாரும் மண்வெட்டியை வைக்கமாட்டார்கள். வைத்தால் அது அவமானம் செய்த மாதிரி, சண்டை வந்துவிடும். குழாய்ப் பள்ளத்தையும் அண்ணன் அப்படியே பிரித்தார். ஊர்க்காரர்கள் டேங்கிலிருந்து வெட்டி வருவது, காலனிக்காரர்கள் அவர்கள் முனையிலிருந்து வெட்டி வருவது. இரண்டும் நடுவில், என் பால்வாடிக்கு முன்னால் சந்திக்க வேண்டும்.

ஆரோக்கியம் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. பால்வாடி வாசலில் நின்றுதான் இருவரும் பேசினார்கள்.

"பங்கு பிரிக்காத தலைவரே. எல்லாரும் ஒண்ணா இந்த முனைல எறங்கி அந்த முனைல ஏறுவோம். ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

"ஒண்ணா எறங்க மாட்டாங்க ஆரோக்கியம். எங்காளுங்கள எனுக்குத் தெரியாதா? டேங்க் தண்ணி நமக்கே பத்தாதுன்னு ஏற்கெனவே மொணகிக்கினு கீறாங்க. பங்குன்னு பிரிச்சிட்டா ரோஷத்துக்காவது வெட்டுவாங்க."

"அப்ப ஒண்ணா நிக்கவே மாட்டாங்களா?"

அண்ணன் கோலை வாங்கி, பால்வாடிக்கு நேராகப் பன்னிரண்டு அடி அளந்து, இரண்டு பக்கமும் கல் நட்டார். "இங்க வூடு இல்ல. இது யார் பங்கும் இல்ல. இந்தப் பன்னெண்டு அடிய மட்டும் ரெண்டு பக்கமும் சேந்து வெட்டுவோம். இத்தோட பள்ளம் முடியும்" என்றார். ஆரோக்கியம் அண்ணன் சிரித்தார். "பன்னெண்டு அடிக்கு ஒத்துமை. சரி, அதாவது கெடைச்சிதே" என்றார்.

எனக்கு அண்ணனைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு அடியை நினைத்து அவர் அன்றெல்லாம் உற்சாகமாக இருந்தார். அண்ணி பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சி அனுப்பினார். முதல் நாள் இரண்டு அண்டா போயிற்று, பக்கத்துக்கு ஒன்றாக. செவ்வாய்க்கிழமை ஓர் அண்டாவில் அடிப்பிடித்துவிட்டதால் ஒன்றுதான் போயிற்று. பால்வாடி மரத்தடியில் இறக்கி வைத்தேன். தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆனால் ஓர் அண்டாவிலிருந்துதான் குடித்தார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, நாளைக்கும் அடிப்பிடிக்க வைக்கச் சொல்லு உங்க அண்ணிகிட்ட என்று என் காதில் சொன்னார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு விஷயம் கேட்டேன். பள்ளம் மூன்றடி ஆழம். பால்வாடிக்கு முன்னால் வெட்டிவிட்டால் குழந்தைகள் எப்படித் தாண்டி வருவார்கள்? மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள். "அண்ணே, எங்க வாசலுக்கு முன்னாடி மட்டும் கடைசியா வெட்டச் சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் புள்ளைங்க வரணும். சனிக்கிழமை லீவு வுட்டுடறேன்" என்றேன்.

"சரிம்மா. சனிக்கிழமை காலைல ஓவர்சியர் வரதுக்குள்ள வெட்டிக்கலாம். ஒரு மணி நேர வேலை" என்றார். தங்கை கேட்டதை அவர் இல்லையென்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஒரு பலகை கேட்டிருந்தால் போதும். பள்ளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு ஆயாவை நிறுத்தியிருந்தால் எல்லாக் குழந்தைகளும் பத்திரமாகத் தாண்டியிருப்பார்கள். வீட்டுக் கொல்லையில் இரண்டு பலகைகள் சாத்தியே இருந்தன. அது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடமும் அந்தப் பலகைகள்தான் என் கண்ணில் நிற்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பள்ளத்தைத் தாண்டி வரவேண்டியவர்கள் ஊர்ப்பிள்ளைகள் மட்டும்தான். காலனிப் பிள்ளைகள் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் வந்துவிடுவார்கள். அதற்கு முந்தைய வருடம் என்மேல் ஒரு மனு போயிருந்தது. காலனிப் பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைக்கிறேன், அவர்களுக்குக் கடைசியில் சாப்பாடு போடுகிறேன் என்று எழுதியிருந்தார்கள். பொய் மனு என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். பொய் இல்லை. ஊர்ப்பெண்கள் கேட்டார்கள், நான் அப்படிச் செய்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மா, இன்னொரு மனு வந்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனு கொடுத்தவர்களிடம் பேசி அதை அத்தோடு நிறுத்தியவர் ஆரோக்கியம் அண்ணன். அண்ணனுக்காகச் செய்தார். வரிசையில் தனியாக உட்கார வைக்கப்பட்டவர்களில் அவருடைய மகள் மேரியும் ஒருத்தி.

புதன்கிழமை மதியமே ஊர்ப்பக்கம் முடிந்துவிட்டது. காலனியில் தலைக்கட்டு குறைவு, அவர்கள் வெட்டவேண்டிய மண்ணோ வெறும் சரளை. வியாழக்கிழமை மாலைதான் வந்து சேர்ந்தார்கள். கல் நட்ட இடத்தில் அந்தப் பக்கம் பதினைந்து பேர். இந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள், அவர்களில் ஏழெட்டுப் பேர் கையில் மண்வெட்டியோடு. ஆரோக்கியம் அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாரும் கீறாங்க தலைவரே. இப்பவே வெட்டிடலாம்."

நான் பால்வாடி வாசலில் நின்றிருந்தேன். அண்ணன் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம் ஆரோக்கியம். சனிக்கிழமை வெட்டலாம்."

"ஏன்? வெளிச்சம் கீது. ஆளு கீது."

"காரணம் கீது. சனிக்கிழமை காலைல."

காரணத்தை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? காலனிக்குப் போகிற தண்ணீரை ஊர்ப்பிள்ளைகளுக்காக இரண்டு நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன், என் தங்கை கேட்டாள் என்று சொல்ல முடியுமா? எல்லோரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே இடத்தில் மண்வெட்டியோடு நின்ற மாலை அது ஒன்றுதான். நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அண்ணன் சொன்ன வார்த்தை தவறாதவர் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. சனிக்கிழமை ஜீப்புக்கு வேறு வேலை போட்டுவிட்டார்களாம், அதனால் இன்றே வந்துவிட்டேன் என்றார் ஓவர்சியர். டேங்கிலிருந்து டேப் பிடித்து அளந்துகொண்டே வந்தார். பால்வாடிக்கு முன்னால் வந்து நின்றார். இங்கே ஒரு கல், அங்கே ஒரு கல், நடுவில் மண். அதன்மேல் நாலைந்து குழந்தைகள் நின்று ஜீப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஓடிவந்தார். "சார், இது நாளைக்கு வெட்டறதுக்காக வச்சது. ஒரு மணி நேரம் குடுங்க."

"தலைவரே, இன்னும் மூணு ஊரு போவணும் நான். கண்ணு முன்னாடி மண்ணு கீது. வெட்டியாச்சுன்னு நான் எப்படி எழுதறது?"

அவர் கெட்டவர் இல்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தும் உடனே கிளம்பவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மரத்தடியில் கிடந்த கடப்பாரையை எடுத்து இறங்கிவிட்டார். ஊர் ஆண்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். காலனியிலும் அப்படித்தான். அண்ணி ஓடிவந்து மண்ணைத் தட்டில் அள்ளிக் கொட்டினார். ஆயா கையாலேயே அள்ளினார். நான் குழந்தைகளை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு ஜீப் போய்விட்டது. அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெட்டிக்கொண்டே இருந்தார். செய்தி கேட்டுப் பத்துப் பேர் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். அதன்பிறகு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டேங்கிலிருந்து காலனி வரை பள்ளம் ஒரே நேராக, ஒரு தடையும் இல்லாமல் கிடந்தது. அளப்பதற்குத்தான் ஆளில்லை.

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது பால்வாடி வாசலில் ஆரோக்கியம் அண்ணன் நின்றிருந்தார். கட்டட வேலையிலிருந்து நேராக வந்தவர், கையெல்லாம் சிமெண்ட்.

"ஏன் வுட சொன்ன தலைவரே?"

"என் தப்பு ஆரோக்கியம்."

"தப்பா சரியான்னு நான் கேக்கல. காரணம் கீதுன்னு சொன்னியே, அது இன்னா?"

அண்ணன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "என் தப்புதான்" என்றார் மறுபடியும்.

"உங்காளுங்க சொல்லிட்டாங்க, நீ வுட்டுட்ட. அதானே? அஞ்சு வருஷம் உன்ன கேரியர்ல வச்சி மிதிச்சேன் பாரு." சைக்கிள் ஹேண்டில்பாரில் அவருடைய டிபன் தூக்கு எப்போதும் மாட்டியிருக்கும். அதைக் கழற்றிக்கொண்டு நடந்து போனார்.

அன்று வீட்டில் நான் அழுதேன். இப்போதே காலனிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். அண்ணன் வாழ்நாளில் என்னைச் சத்தம் போட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"உக்காருடி. சொன்னா நாளைக்கே உம்மேல மனு போவும். இந்தத் தபா அத நிறுத்த ஆள் இல்ல. உனுக்கு ஒரு பொண்ணு கீது. வாய மூடிக்கினு வேலையப் பாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதால் உட்கார்ந்தேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதுதான் உண்மை.

திங்கட்கிழமை அண்ணன் சாவி, முத்திரை, ரிஜிஸ்தர்கள் எல்லாவற்றையும் தனி அலுவலரிடம் கொடுத்துவிட்டு வந்தார். புதிதாக எஸ்டிமேட் போடவேண்டும் என்று சொன்னார்களாம். இரண்டு வாரத்தில் ஒரு லாரி வந்து குழாய்களை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று. குழந்தைகள் அவற்றின்மேல் குதிரை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன். பள்ளம் அப்படியே கிடந்தது. அந்த ஐப்பசி மழையில் டேங்கிலிருந்து காலனி வரை தண்ணீர் நிரம்பி நின்றது. "தலைவரு தண்ணி வுட்டுட்டாரு பாருடா" என்று ஊரில் சிரித்தார்கள். காலனியில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் அந்த வழியாகப் போவதை விட்டார். பிறகு பள்ளம் தானாகத் தூர்ந்தது.

காலனிக்குக் குழாய் வந்தது ஒன்பது வருடம் கழித்து. அதற்குள் ஆரோக்கியம் அண்ணனின் மனைவிக்கு இடுப்பு போய்விட்டது. வீட்டு வாசலில் தண்ணீர் வந்தபோது அவர்களால் குடத்தைத் தூக்க முடியவில்லை.

அண்ணனுடைய மீதி வாழ்க்கையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அடுத்த தேர்தல் வந்தபோது எத்தனையோ பேர் கேட்டும் நிற்கவில்லை. வல்லம் வடகால் பக்கமெல்லாம் கம்பெனிகள் வந்தன. நம் இரண்டு ஏக்கரும் போயிற்று. பிள்ளைகள் லைன் வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போனார்கள். அண்ணன் எல்லோருக்கும் நல்லவராகவே இருந்தார். யார் வீட்டு விசேஷமானாலும் முதலில் போய்ப் பந்தி பரிமாறினார். அந்தச் சைக்கிளை மட்டும் கடைசிவரை விற்கவில்லை. கேரியரில் யாரையும் ஏற்றிக்கொண்டதும் இல்லை. வழியில் ஆரோக்கியம் அண்ணன் எதிரே வந்தால் அண்ணன் இறங்கி நின்றுவிடுவார். அவர் பார்க்காமல் போவார். போன பிறகு அண்ணன் ஏறி மிதிப்பார். ஏறக்குறைய முப்பது வருடம் இது நடந்தது.

கடைசி எட்டு மாதம் அண்ணனுக்கு வாதம். வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ஒரு நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "எனக்கு பென்ஷனே வந்துடுச்சி அண்ணே. இனிமே எம்மேல யாரு மனு குடுக்கப் போறாங்க? ஆரோக்கியம் அண்ணன்கிட்ட சொல்லிடட்டுமா?" அண்ணன் இடது கையைத் தூக்கி, வேண்டாம் என்று அசைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் காலமான அன்று பகல் பதினொரு மணிக்கு ஆரோக்கியம் அண்ணன் வந்தார். கம்பு ஊன்றிக்கொண்டு, கையில் செய்தித்தாளில் சுற்றிய மாலையோடு வந்தார். உள்ளே வரவில்லை. ஷாமியானாவின் ஓரத்தில் நின்றார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரு, உங்க அண்ணன் பூட்டாரு. இனிமே சொல்றதுல யாருக்கும் ஒண்ணும் ஆவப் போறது இல்ல. அன்னிக்கு ஏன் வுட சொன்னாரு? நான் இத்தினி வருசமா தப்பா நெனச்சிகினு இருந்திருந்தா சொல்லிடும்மா. கால்ல வுழுந்து கும்புட்டுட்டு மாலைய போட்டுட்டுப் போறேன்."

சுற்றிலும் சொந்தக்காரர்கள். என் மகளின் மாமியார் வீட்டார் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். அண்ணன் அசைத்த இடது கை ஞாபகம் வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

"தெரியலண்ணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மாலையைப் பிரித்து, ஷாமியானாக் கம்பத்தில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். பந்தல்காரர்கள் வந்து கம்பத்தைப் பிடுங்கும்வரை அது அங்கேயே தொங்கியது. நாற்பது நாள் கழிந்து காலனி மாதா கோயிலில் சாவு மணி அடித்தது. ஆரோக்கியம் அண்ணன் என்றார்கள்.

மலரில் நன்றி சொல்லும் பக்கத்துக்கு வந்துவிட்டேன். அண்ணனை எட்டு மாதம் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் மருமகளுக்கும் நன்றி. கம்பெனியில் லீவு கிடைக்காமல், ஷிப்ட் முடிந்து வந்து ஆஸ்பத்திரியில் விழித்திருந்த பிள்ளைகளுக்கு நன்றி. வெயிலில் பாடையைச் சுமந்தவர்களுக்கும், காரியத்துக்குப் பாத்திரம் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. தொண்ணூற்றொன்று மாசியில் ஊரிலும் காலனியிலும் மண்வெட்டி எடுத்து இறங்கிய அத்தனை தலைக்கட்டுக்கும் நன்றி. நீங்கள் உங்கள் பங்கைச் சரியாகத்தான் வெட்டினீர்கள்.

கடைசி நன்றி ஆரோக்கியம் அண்ணனின் மகள் மேரிக்கு. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்ட நினைத்தேன். பால்வாடி இருந்த இடத்தில் இப்போது கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. இரண்டாவது ஷிப்டுக்குப் போக யூனிஃபார்மோடு அங்கே நின்றிருந்தாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள். தனி வரிசையைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பஸ் வந்துவிட்டது. தாள்களை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எங்கப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றாள்.

பஸ்ஸில் ஏறிவிட்டாள். சொல்லியிருக்கலாம் மேரி. உங்கப்பா மாலையை மாட்டிய கம்பத்துக்கும் அண்ணன் கிடந்த இடத்துக்கும் நடுவே பன்னிரண்டு அடிகூட இல்லை.